தலைப்பு பிழைத்தது, கீவேர்டு மடிந்தது: ஆன்பேஜ் எஸ்இஓ உருவான வரலாறு

கிரீஸ் நாட்டுக்கு விடுமுறைப் பயணம் போவது பற்றி ஒருவர் வலைப்பக்கம் ஒன்றை எழுதுகிறார். அது தேடுபொறியில் அகப்பட வேண்டும். என்ன செய்யலாம்? 1997 டிசம்பரில் வெளியான எச்டிஎம்எல் 4.0 விதிநூல் இதற்கு ஒரு வழி சொன்னது. பக்கத்தின் நிரலில், வாசகர் கண்ணில் படாத ஓரிடத்தில், ‘விடுமுறை, கிரீஸ், வெயில்’ என்று மூன்று சொற்களை எழுதி வைக்கலாம். தேடுபொறி அவற்றைப் படித்துக்கொள்ளும்.

அந்த இடத்துக்கு மெட்டா கீவேர்ட்ஸ் என்று பெயர். பன்னிரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 2009 செப்டம்பர் 21 அன்று கூகுளின் மாட் கட்ஸ், வலைத்தேடலின் தரவரிசையில் அந்தக் குறிச்சொல்லைத் தங்கள் நிறுவனம் பயன்படுத்துவதே இல்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். தொழிலில் இருந்தவர்களுக்கு அது பழைய செய்தி. செத்துப்போனதற்குச் சான்றிதழ் அன்றுதான் கிடைத்தது, அவ்வளவே. ஆனால் 1991-லேயே டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிவைத்த குறிச்சொல் பட்டியலில் இடம்பெற்ற ‘டைட்டில்’ இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒரு தளத்தைச் சோதிக்க வரும் எந்த எஸ்இஓ (தேடுபொறி உகப்பாக்க) ஆலோசகரும் முதலில் திறந்து பார்ப்பது அதைத்தான்.

இரண்டும் பக்கத்தின் ஒரே தலைப்பகுதியில் அக்கம்பக்கமாக வாழ்ந்தவை. இரண்டையும் எழுதுகிறவர் தள உரிமையாளர்தான். அப்படியிருக்க, ஒன்று நிலைத்து மற்றொன்று மடிந்தது ஏன்? தலைப்பு, விவரிப்பு, உள்தலைப்புகள், உடல் உரை, படத்துக்கான மாற்று உரை, பக்க முகவரி, பக்கம் திறக்கும் வேகம் என உரிமையாளர் தன் பக்கத்துக்குள்ளேயே திருத்திக்கொள்ளக்கூடிய அனைத்தையும் ஆன்பேஜ் எஸ்இஓ என்கிறார்கள். இந்தக் கூறுகள் ஒவ்வொன்றும் எதற்காகப் பிறந்தது, தேடுபொறி அதை எப்போது நம்பியது, எப்போது நம்பிக்கையைத் திரும்பப் பெற்றது என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு போக்கு தெரிகிறது. வாசகருக்கென்று ஏதாவது ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தவை தப்பின. தேடுபொறியிடம் சிபாரிசு செய்வதற்காகவே பிறந்தது அழிந்தது.

இடமில்லாததால் கிடைத்த மரியாதை

இணையத் தேடலின் தொடக்கத்தில் பக்கத்தின் உள்ளடக்கத்தை யாரும் படிக்கவே இல்லை. 1990-இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் உருவாக்கிய ‘ஆர்ச்சி’, கோப்புகளின் பெயர்களை மட்டும் பட்டியலிட்டது. 1993-இல் எம்ஐடியின் மேத்யூ கிரே அனுப்பிய ‘வாண்டரர்’ என்ற நிரல் உலகில் எத்தனை தளங்கள் உள்ளன என்று எண்ணிக்கொண்டு திரிந்தது. அந்த ஜூனில் அதற்குக் கிடைத்த எண்ணிக்கை 130. ஒரு தெருவில் உள்ள கடைகளின் கணக்கு போன்ற எண்.

அதே ஆண்டு இறுதியில் இரண்டு வழிகள் பிரிந்தன. மார்ட்டின் கோஸ்டர் கொண்டுவந்த ‘அலிவெப்’, தள உரிமையாளரை நம்பியது. தன் பக்கங்களைப் பற்றிய விவரக் குறிப்பை அவரே எழுதித் தளத்தில் வைத்து, அது இருக்கும் இடத்தை அலிவெப்புக்குத் தெரிவிக்க வேண்டும். அது வந்து எடுத்துக்கொள்ளும். நாகரிகமான ஏற்பாடு. ஆனால் மெனக்கெட்டுக் குறிப்பு எழுத முன்வந்தவர்கள் குறைவு. ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஃபிளெட்சர் டிசம்பரில் தொடங்கிய ‘ஜம்ப்ஸ்டேஷன்’ யாரையும் கேட்கவில்லை. அதன் நிரல் தானே இணைப்பு இணைப்பாகத் தாவிப் பக்கங்களைச் சேகரித்தது.

சேகரித்ததை வைக்கத்தான் இடமில்லை. பல்கலைக்கழகக் கணினியில் கிடைத்த கொஞ்ச இடத்துக்குள் அடக்க வேண்டியிருந்ததால், ஃபிளெட்சர் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் தலைப்பையும் உள்தலைப்புகளையும் மட்டும் எடுத்துக்கொண்டார். இன்று ‘டைட்டிலில் முக்கியச் சொல் வரட்டும், எச்1 ஒழுங்காக இருக்கட்டும்’ என்று எல்லோரும் சொல்கிற அறிவுரையின் மூதாதை இந்த இடப்பற்றாக்குறைதான். 1994 ஏப்ரலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பிரையன் பிங்கர்டன் வெளியிட்ட ‘வெப்கிராலர்’ பக்கத்தின் முழு உரையையும் தேட வைத்தது. அதன் பிறகும் தலைப்பு தன் மதிப்பை இழக்கவில்லை என்பது கவனிக்க வேண்டியது.

ஏனென்றால் தலைப்புக்கு வேறு பிழைப்பு இருந்தது. உலாவிச் சாளரத்தின் நெற்றியில் அதுதான் தெரிந்தது. பக்கத்தைக் குறித்துவைத்துக்கொண்டால் பட்டியலில் அதுதான் பெயராக நின்றது. 1995 நவம்பரில் வந்த எச்டிஎம்எல் 2.0 விதிநூல் இதை மனத்தில் வைத்தே இரண்டு அறிவுரைகள் சொன்னது. ஒன்று, நீளமான தலைப்பு சில இடங்களில் வெட்டுப்படும் என்பதால் 64 எழுத்துகளுக்குள் இருப்பது நல்லது. இரண்டு, ‘அறிமுகம்’ என்று மொட்டையாகப் பெயர் வைத்தால் அந்தத் தளத்துக்கு வெளியே இருப்பவருக்கு எதுவும் புரியாது. எதற்கு அறிமுகம் என்று தலைப்பே சொல்ல வேண்டும்.

தேடுபொறிகளை மயக்குவதற்காக எழுதப்பட்ட வரிகள் அல்ல இவை. ஆனாலும் முப்பதாண்டு கழித்து எந்த எஸ்இஓ வகுப்பிலும் இதே இரண்டைத்தான் சொல்லித் தருகிறார்கள், சற்றுப் புதுச் சட்டை போட்டு. ‘முகப்பு’ என்ற ஒற்றைச் சொல்லையே தலைப்பாக வைத்துக்கொண்டு நிற்கும் தமிழ்க் கடைகளின் தளங்களை இன்றும் பார்க்கலாம். ‘அறிமுகம்’ செய்த அதே பிழை. ‘முகப்பு’ என்று யாரும் தேடுவதில்லை. ‘காஞ்சிபுரம் பட்டுப் புடவை’ என்று தேடுகிறார்கள்.

நூலகத்தின் கணக்கு, சந்தையின் தந்திரம்

முழு உரையையும் படிக்கத் தொடங்கியதும் தேடுபொறிகளுக்குப் புதிய சிக்கல் வந்தது. ஒரு சொல்லைக் கேட்டால் ஆயிரம் பக்கங்கள் கிடைக்கின்றன. எதை முதலில் காட்டுவது? விடை கணினி அறிவியலில் ஏற்கெனவே தயாராக இருந்தது. 1972-இல் பிரிட்டனின் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் எழுதிய ஆய்வுரை, அபூர்வமான சொல்லுக்கு அதிக எடையும் எங்கும் வரும் சொல்லுக்குக் குறைந்த எடையும் தர வேண்டும் என்று காட்டியிருந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜெரார்டு சால்டனின் குழு, ஓர் ஆவணத்தில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்ற எண்ணையும் அதனோடு சேர்த்துப் பொருத்தத்தை அளந்தது.

இந்தக் கணக்கு ஆய்வு ஆவணங்களைக் கொண்டு சோதிக்கப்பட்டது. அங்கே ஒரு வசதி உண்டு: விமானப் பொறியியல் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர் அட்டவணையில் முதலில் வர வேண்டும் என்பதற்காக ‘இறக்கை, இறக்கை, இறக்கை’ என்று எழுத மாட்டார். வலையில் எழுதியவர்கள் எழுதினார்கள்.

1995 டிசம்பரில் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனம் ‘அல்டாவிஸ்டா’ தேடுபொறியைத் திறந்துவிட்டது. அடுத்த ஆண்டு அல்டாவிஸ்டாவும் மற்றொரு தேடுபொறியான இன்ஃபோசீக்கும் மெட்டா கீவேர்ட்ஸை ஏற்கத் தொடங்கின. எண்ணம் நல்லதுதான். படங்களால் நிறைந்து உரையே இல்லாத பக்கத்துக்கும், ஒரே பொருளை வேறு சொல்லால் தேடுகிறவருக்கும் அது உதவியிருக்கும். அலிவெப் கேட்ட அதே உரிமையாளர் குறிப்புதான் இது. இந்த முறை எழுத ஆள் பஞ்சமில்லை. எழுதினால் பணம் வரும் என்று தெரிந்துபோயிருந்தது. ஒரே சொல்லை ஒருமை, பன்மை, பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று அடுக்கினார்கள். தங்கள் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத, அப்போது அதிகம் தேடப்பட்ட சொற்களைச் சேர்த்தார்கள். உடல் உரையிலும் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகச் சொற்களைக் கொட்டினார்கள். வாசகர் பக்கத்தின் அடியில் ஏதோ காலியிடம் என்று நினைத்துக்கொள்வார். தேடுபொறி அதைப் படித்துவிட்டு ஏமாறும்.

போட்டியாளரின் பெயரையே தன் மெட்டா குறிச்சொல்லில் போட்டுக்கொள்வது அடுத்த கட்டம். அது நீதிமன்றம் போயிற்று. அமெரிக்காவில் வீடியோ வாடகைக் கடைகள் நடத்திய வெஸ்ட் கோஸ்ட் என்ற நிறுவனம், புரூக்ஃபீல்டு நிறுவனத்தின் ‘மூவிபஃப்’ என்ற வணிகப் பெயரைத் தன் மெட்டா குறிச்சொற்களில் பயன்படுத்தலாமா என்ற வழக்கில், 1999-இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கூடாது என்றது. தீர்ப்பு சொன்ன உவமை புகழ்பெற்றது. நெடுஞ்சாலையில் ஒரு கடைக்காரர், தன் போட்டியாளரின் கடை ஏழாவது விலகுபாதையில் இருப்பதாகப் பலகை வைக்கிறார். உண்மையில் அந்தக் கடை எட்டாவதில் இருக்கிறது. ஏழாவதில் இருப்பது பலகை வைத்தவரின் கடை. இறங்கித் தேடிச் சலித்த வாடிக்கையாளர், கிடைத்த கடைக்குள்ளேயே நுழைந்துவிடுவார். மூன்றாண்டு கழித்து அதே நீதிமன்றம் மற்றொரு வழக்கில், ஒருவர் தன்னை உண்மையாக விவரிக்கத் தேவைப்படும் அளவுக்குப் பிறர் வணிகப் பெயரை மெட்டா குறிச்சொல்லில் எழுதுவது தவறில்லை என்றும் சொன்னது. இந்தியாவில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2014-இல் திருமணத் தகவல் தளம் ஒன்றின் வழக்கில், மெட்டா குறிச்சொல் வழியாகப் பிறர் வணிகப் பெயரைக் கவர்வதைக் கண்டித்துத் தடை விதித்தது. கீவேர்ட்ஸ் குறிச்சொல் தன் தரவரிசையில் கிடையாது என்று கூகுள் சொல்லி அப்போது ஐந்தாண்டு ஆகியிருந்தது. சட்டம் வந்து சேர்வதற்குள் நுட்பம் இடத்தைக் காலி செய்துவிடும் கதை இதுவொன்று மட்டும் அல்ல.

தேடுபொறிகளுக்குள் அந்தக் குறிச்சொல்லின் சாவு ஓசையில்லாமல் நடந்தது. 1996-லிருந்தே தேடுபொறிகளின் போக்கைத் தள உரிமையாளர்களுக்காகக் கண்காணித்து எழுதிவந்த டேனி சல்லிவன், 2002 அக்டோபரில் அதற்கு இரங்கற்குறிப்பே எழுதிவிட்டார். அந்தக் கோடையில் அல்டாவிஸ்டாவும் கைவிட்டிருந்தது; பெரிய தேடுபொறிகளில் இங்க்டோமி மட்டும்தான் இன்னும் அதைப் பார்த்தது.

1998-இல் எழுதிவைத்தது

லாரி பேஜும் செர்கே பிரினும் 1998 ஏப்ரலில் பிரிஸ்பேன் மாநாட்டில் வைத்த கூகுள் ஆய்வுரையைப் பலரும் பேஜ்ரேங்க் என்ற இணைப்புக் கணக்குக்காகவே நினைவுகூர்கிறார்கள். அதே ஆய்வுரையில் பக்கத்துக்குள் இருப்பவற்றைப் பற்றியும் தெளிவாக எழுதியிருக்கிறது. 2 கோடியே 40 லட்சம் பக்கங்கள் கொண்ட அந்த முதல் கூகுள், ஒரு சொல் பக்கத்தில் எந்த இடத்தில், எந்த உருவில் நிற்கிறது என்று பிரித்துப் பதிந்தது. தலைப்பில் வந்த சொல், இணைப்பின் வாசகத்தில் வந்த சொல், முகவரியில் வந்த சொல், பெரிய எழுத்தளவில் வந்த சொல், சிறிய எழுத்தளவில் வந்த சொல் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எடை. தலைப்புகளில் மட்டும் தேடி, வந்ததைப் பேஜ்ரேங்க் கொண்டு வரிசைப்படுத்தினாலே நல்ல விடை கிடைக்கிறது என்றும் அவர்கள் கண்டிருந்தனர்.

இன்னும் முக்கியமான இரண்டு செய்திகள் அதில் உண்டு. ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தால் மதிப்பெண் முதலில் ஏறும். பிறகு விரைவில் சமன்பட்டுவிடும். ஓர் எண்ணிக்கைக்கு மேல் போனால் பயனில்லை. இரண்டாவது, பயனருக்குக் காட்டப்படாத எந்த உரையும் தேடுபொறியை ஏமாற்றவே பயன்படுத்தப்படுகிறது, அதனால் மெட்டா தகவலை நம்பும் முயற்சிகள் பெரும்பாலும் தோற்றுவிட்டன என்ற வெளிப்படையான கருத்து.

இவ்வளவும் 1998-லேயே அச்சில் இருந்தது. ஆனாலும் ‘நூறு சொல்லுக்கு மூன்று முறை கீவேர்டு வர வேண்டும்’ என்ற கீவேர்டு அடர்த்திச் சூத்திரம் அதன் பிறகு பல ஆண்டுகள் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பிக்கப்பட்டது. இன்றும் சிலர் கற்பிக்கிறார்கள். அதை ஜோசியத்தோடு ஒப்பிட்டால் ஜோசியர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும்.

சிட்னி ஒலிம்பிக்கும் படத்தின் மாற்று உரையும்

மாற்று உரையின் வரலாறு கொஞ்சம் விலகி நடப்பது. படத்தோடு சேர்த்து எழுதப்படும் ‘ஆல்ட்’ உரை, படங்களைக் காட்ட முடியாத உலாவிகளுக்காக வந்தது. தொலைபேசிக் கம்பி வழியே இணையம் சொட்டுச் சொட்டாக வந்த காலத்தில் படங்களை அணைத்து வைத்துவிட்டு உலாவியவர்கள் உண்டு. திரையை வாய்விட்டுப் படித்துக்காட்டும் மென்பொருளை நம்பியிருந்த பார்வையற்றோருக்கு அது சலுகையாக அல்ல, ஒரே வழியாக இருந்தது.

சிட்னி ஒலிம்பிக் அமைப்புக் குழுவின் இணையதளத்தில் அந்த உரை பல இடங்களில் இல்லை. பார்வையற்ற ஆஸ்திரேலியர் ஒருவர் புகார் கொடுத்தார். 2000 ஆகஸ்டில், போட்டிகள் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன், அந்நாட்டின் மனித உரிமை ஆணையம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: படங்கள் அனைத்துக்கும் மாற்று உரை சேர்க்க வேண்டும், போட்டி அட்டவணைப் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக வழி செய்ய வேண்டும், முடிவுகளின் அட்டவணையும் படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். குழு முழுமையாகச் செய்யவில்லை. 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கட்ட நேர்ந்தது.

அடுத்த ஆண்டு ஜூலையில் கூகுள் படத்தேடலைத் தொடங்கியது. கிராமி விழாவில் ஜெனிஃபர் லோபஸ் உடுத்திய பச்சை உடையைப் பார்க்க ஊரே தேடியும் படமாகக் காட்ட வழியில்லாமல் போனதுதான் அதற்குத் தூண்டுதல் என்று அந்நிறுவனத்தின் எரிக் ஷ்மிட் பின்னாளில் எழுதினார். படத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரியாத தேடுபொறியும் ஒருவகையில் பார்வையற்ற வாசகர்தான். ஆகவே அவருக்காக எழுதிய உரையே இதற்கும் உதவியது. ‘ஐஎம்ஜி 4072’ என்று கோப்பின் பெயர் மட்டும் உள்ள படம் இருவருக்கும் ஊமை. ‘செட்டிநாட்டு வீட்டின் ஆத்தங்குடிக் கல் பதித்த முற்றம்’ என்று எழுதினால் இருவருக்கும் அது பேசும். இதிலும் சொற்களைத் திணித்தவர்கள் உண்டு. திணித்தால் திரைபடிப்பான் அத்தனையையும் ஒருவர் காதில் ஓதிக்கொண்டிருக்கும் என்பதை அவர்கள் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பிஎம்டபிள்யூ பட்ட பாடு

கண்ணுக்குத் தெரியாத உரை பலன் தராது என்றானதும், தேடுபொறிக்கு ஒரு பக்கமும் மனிதருக்கு வேறு பக்கமும் காட்டும் உத்தி பரவியது. அதில் ஈடுபட்டவர்கள் எல்லோரும் தெருவோர வியாபாரிகள் அல்லர். 2006 பிப்ரவரியில் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ தளத்தைக் கூகுள் தன் அட்டவணையிலிருந்தே நீக்கியது. பழைய கார் என்பதற்கான ஜெர்மன் சொல் நிறைந்த உரைப்பக்கங்களைத் தேடுபொறியின் நிரலுக்குக் காட்டிவிட்டு, மனிதர் வந்தால் அடுத்த நொடியே படங்கள் நிறைந்த வேறு பக்கத்துக்குத் தள்ளிவிட்டது அந்தத் தளம். மாட் கட்ஸ் இதைத் தன் பதிவில் படத்தோடு விளக்கினார். நிறுவனம் அந்தப் பக்கங்களை அகற்றியது. சில நாட்களில் தளம் திரும்பச் சேர்க்கப்பட்டது. பெரிய நிறுவனத்துக்குச் சில நாளில் மன்னிப்பு கிடைத்ததே, சிறு கடைக்காரருக்குக் கிடைத்திருக்குமா என்று அப்போதே கேட்டார்கள். நியாயமான கேள்வி.

2008 நவம்பரில் கூகுள் தானே ஒரு தொடக்கக் கையேட்டை வெளியிட்டது. தலைப்பு, விவரிப்பு, முகவரி, உள்தலைப்பு, படம் என்று அதுவரை ரகசியம்போல் விற்கப்பட்டவை இலவசமாகக் கிடைத்தன. ரகசியம் போன பின் மிஞ்சியது உள்ளடக்கம். 2011 பிப்ரவரியில் நவ்னீத் பாண்டா என்ற பொறியாளர் பெயரால் அழைக்கப்பட்ட ‘பாண்டா’ மாற்றம் வந்தபோது, அமெரிக்காவில் நடந்த தேடல்களில் சுமார் 12 விழுக்காட்டின் முடிவுகள் மாறின. ஒரு கேள்விக்கு ஒன்பது விதமாக ஒன்பது மெலிந்த பக்கங்கள் எழுதிக் குவித்த தளங்கள் அடிபட்டன. அடிப்படைக் குறிச்சொற்கள் எல்லாம் அங்கே ஒழுங்காகவே இருந்தன; பக்கத்தில்தான் ஒன்றும் இல்லை.

பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2010-இல் வேகம் ஒரு காரணியானது. 2014-இல் பாதுகாப்பான இணைப்பு, 2015 ஏப்ரலில் கைப்பேசிக்கு ஏற்ற வடிவம், 2021-இல் ‘கோர் வெப் வைட்டல்ஸ்’ என்ற அளவைகள். முக்கிய உள்ளடக்கம் இரண்டரை நொடிக்குள் திரையில் வர வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. எல்லாமே வாசகர் தன் கையால் உணரக்கூடியவை.

இயந்திரத்துக்கு மட்டும் எழுதியவை

இங்கே ஒரு மறுப்பு எழும். வாசகருக்குத் தெரியாத குறிப்புகள் சில இன்னும் வாழ்கின்றனவே? அலிவெப் தந்த அதே கோஸ்டர் 1994-இல் முன்மொழிந்த, எங்கே வரக்கூடாது என்று தேடுபொறி நிரல்களுக்குச் சொல்லும் ‘ரோபோட்ஸ்’ கோப்பு வாழ்கிறது. 28 ஆண்டுகள் வெறும் முறைசாரா ஒப்பந்தமாக இருந்துவிட்டு 2022-இல்தான் முறையான தர ஆவணமாயிற்று. 2009 பிப்ரவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஏற்ற ‘கனானிக்கல்’ குறிச்சொல்லும் வாழ்கிறது.

கனானிக்கலின் தேவையை ஒரு புடவைக் கடையின் தளத்தில் பார்க்கலாம். 10 நிறம், 6 விலை அடுக்கு, 5 விதமாக வரிசைப்படுத்தும் வசதி. பெருக்கிப் பார்த்தால் ஒரே புடவைக் குவியலுக்கு 300 முகவரிகள். பொருளைப் பல முகங்களாகப் பிரித்துத் தேடும் இந்த முறையின் வேர் இணையத்தில் இல்லை. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையிலிருந்து வளர்ந்த கோட்பாடு அது. நூலகத்தில் அது வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தியது. இணையக் கடையிலும் அதையே செய்கிறது. ஆனால் தேடுபொறியை 300 கதவு தட்ட வைக்கிறது. ‘இவற்றுள் மூலப் பக்கம் இதுதான்’ என்று கனானிக்கல் சொல்லிவிடும்.

இவை ஏன் மெட்டா கீவேர்ட்ஸின் கதிக்கு ஆளாகவில்லை? ‘நான் சிறந்தவன்’ என்று இவை எதுவும் சொல்வதில்லை. ‘இங்கே வராதே’, ‘இது நகல்’ என்பவை தற்பெருமை ஆகா. பொய் சொல்லிச் சம்பாதிக்க அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. சம்பாதிக்க வழி இருந்த இடத்தில் பழைய கதை திரும்பியது. 2011 ஜூனில் கூகுள், பிங், யாஹூ சேர்ந்து தொடங்கிய ‘ஸ்கீமா’ குறிமுறை வழியே கேள்வி பதில்களைக் குறித்துவைத்தால், தேடல் முடிவில் அந்தப் பக்கத்துக்குக் கூடுதல் இடம் கிடைத்தது. உடனே கல்யாண மண்டபம் முதல் கணக்குப்பதிவு மென்பொருள்வரை எல்லாப் பக்கத்திலும் யாரும் கேட்காத கேள்விகள் முளைத்தன. 2023 ஆகஸ்டில் கூகுள் அந்தச் சலுகையை நன்கறியப்பட்ட அரசு, மருத்துவத் தளங்களோடு நிறுத்திக்கொண்டது.

தலைப்பு விஷயத்தில்கூட உரிமையாளரின் சொல் இறுதிச் சொல் அல்ல. 2021-இல் தலைப்பு காட்டும் முறையை மாற்றிய கூகுள், 87 விழுக்காடு நேரங்களில் பக்கத்தின் டைட்டிலையே காட்டுவதாகச் சொன்னது. மீதியில் அது எடுத்துக்கொள்வது பெரும்பாலும் பக்கத்தைத் திறந்தவர் கண்ணில் படும் பெரிய தலைப்பை. ஒளித்து எழுதியதும் வெளியே எழுதியதும் முரண்பட்டால் எது வெல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தமிழ்ப் பக்கத்தின் தனி வழக்கு

தமிழில் இந்த வரலாறு வேறோரிடத்தில் தொடங்குகிறது. தொண்ணூறுகளிலும் அதன் பின்னும் தமிழ்த் தளங்கள் பல தனித்தனி எழுத்துருக்களில் இயங்கின. ஈழத்திலும் புலம்பெயர்ந்தோரிடமும் பரவலாக இருந்த பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிவது, உள்ளே உண்மையில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். மனிதர் தமிழ் படித்தார். தேடுபொறி அந்த ஐந்து குறிகளைப் படித்தது. எவ்வளவு அழகான தலைப்பு வைத்தும், எத்தனை உள்தலைப்பு போட்டும் பயன் இல்லை. கண்ணுக்குத் தெரிவதையே நம்புகிறேன் என்ற தேடுபொறிக்கு, தெரிவது தமிழாகவே படவில்லை.

1998 பொங்கலன்று தொடங்கி, கு. கல்யாணசுந்தரம் தலைமையில் தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கிவரும் மதுரைத் திட்டம், திஸ்கி போன்ற குறியேற்றங்களில் வெளியிட்டவற்றைப் பின்னர் உலகப் பொதுக் குறியேற்றமான யூனிகோடிலும் தர வேண்டியிருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு தாம், தாப் குறியேற்றங்களை முன்வைத்தது. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நாட்களில்தான், தமிழக அரசு யூனிகோடை முறைப்படி ஏற்றது. ஆங்கிலத் தளங்கள் கீவேர்டுத் திணிப்பிலிருந்து மீண்டுகொண்டிருந்த ஆண்டுகளில் தமிழ்த் தளங்கள் எழுத்தாகவே அடையாளம் பெறப் போராடின.

யூனிகோடு வந்த பின்னும் மொழியின் இயல்பு குறுக்கே நிற்கும். ஆங்கிலத்தில் ஊர்ப் பெயர் எங்கு வந்தாலும் ஒரே வடிவில் நிற்கும். தமிழில் மதுரை, மதுரைக்கு, மதுரையில், மதுரையிலிருந்து, மதுரைக்காரர் என்று உருமாறிக்கொண்டே இருக்கும். கீவேர்டு அடர்த்தியை எண்ணுகிறவர் இதில் எதை எண்ணுவார்? 2019 அக்டோபரில் பெர்ட் என்ற மொழி மாதிரியைத் தேடலில் புகுத்தியபோது கூகுள் தந்த எடுத்துக்காட்டு, பிரேசில் பயணி ஒருவர் அமெரிக்கா செல்ல விசா வேண்டுமா என்ற தேடல். பழைய முறை அதிலிருந்த சின்னஞ்சிறு முன்னிடைச்சொல்லைக் கவனிக்காமல், பிரேசிலுக்குப் போகும் அமெரிக்கர்களைப் பற்றிய பக்கத்தைக் காட்டியது. அந்த முன்னிடைச்சொல் செய்யும் வேலையைத் தமிழில் ‘கு’ என்ற நான்காம் வேற்றுமை உருபு செய்கிறது. எஸ்இஓவுக்காக உருபுகளை வெட்டி ‘சென்னை சிறந்த பல் மருத்துவர் சிகிச்சை’ என்று எழுதுகிற பழக்கம், இயந்திரம் இலக்கணம் கற்ற பிறகும் தொடர்வது வேடிக்கைதான். கோயம்புத்தூர் என்றும் கோவை என்றும் தேடுகிறவர்கள் உண்டு என்பதால், பக்கத்தில் இரண்டும் இயல்பாக ஓரிடத்தில் வருவது அதைவிடப் பயன் தரும்.

முகவரியிலும் ஒரு நடைமுறைச் சங்கடம் உண்டு. யூனிகோடில் ‘தமிழ்’ என்பது ஐந்து குறியீடுகள். ஒவ்வொன்றும் மூன்று பைட். முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரியலாம். மொத்தம் 45 எழுத்து. முழு வாக்கியத்தைத் தமிழில் முகவரியாக வைத்த பக்கத்தை வாட்ஸ்அப்பில் பகிர்ந்தவர்களுக்கு அந்த முடிவில்லா வரி பழக்கமானது. தேடுபொறிக்கு அது தொல்லை இல்லை. தமிழ் முகவரியை அது படித்துக்கொள்ளும். பார்க்கிற மனிதருக்குத்தான் அது என்ன இணைப்பு என்று விளங்காது. தமிழோ ஆங்கில எழுத்தோ, இரண்டு மூன்று சொற்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பழைய தளம் வைத்திருக்கும் இதழ்களும் கோயில்களும் சங்கங்களும் தலைப்பு, விவரிப்பு, ஸ்கீமா என்று பணம் செலவழிக்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். 2005-க்கு முன் ஏற்றிய ஒரு பக்கத்தைத் திறந்து, ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகவே விழுந்தால் கவலையில்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக விழுந்தால் அந்தப் பக்கம் இன்றுவரை எந்தத் தமிழ்த் தேடலிலும் வந்திருக்காது. எழுத்துரு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் அதை யூனிகோடுக்கு மாற்றுங்கள்.